சுழலும் தட்டை நிறுத்தினால்

தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் பீரோவுக்கு மேல், பழைய காலண்டர்களுக்கு அடியில், ஒரு லேப்டாப் கிடக்கிறது. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அண்ணனோ அக்காவோ பன்னிரண்டாம் வகுப்பு படித்தபோது வாங்கி வந்தது. விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதில் இருந்தது. இன்று அதைத் தூசி தட்டி ஆன் செய்தால் திரை வருவதற்குள் பொறுமை போய்விடுகிறது. பிரவுசரைத் திறந்தால் நீல வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. "பழைய இரும்புக்குப் போட்டுட்டுப் புதுசு வாங்கலாம்" என்று வீட்டில் யாராவது ஆரம்பிப்பார்கள்.

அந்தப் பேச்சு முற்றுவதற்குள் ஒரு காரியம் செய்யலாம். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெரும்பாலான பழைய லேப்டாப்களில் அங்கே ஒரே காட்சிதான்: சிபியு பத்து, இருபது சதவீதத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும், டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கும்.

உள்ளே என்ன நடக்கிறது? லேப்டாப்களில் வரும் ஹார்டு டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 முறை சுழல்வது. விநாடிக்குத் தொண்ணூறு சுற்று. கேட்க வேகமாகத்தான் இருக்கிறது. ஆனால் வேண்டிய தகவல் தட்டின் எந்த இடத்தில் இருக்கிறதோ, அந்த இடம் சுழன்று, அதைப் படிக்கும் முள்ளுக்குக் கீழே வரவேண்டும். அதற்குச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது ஐந்தரை மில்லி விநாடி. அதற்கு முன்பே முள் சரியான வட்டத்துக்கு நகர்ந்திருக்க வேண்டும். அதற்கு ஏறக்குறைய பன்னிரண்டு மில்லி விநாடி. கூட்டிக் கழித்தால், இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னத் துண்டுகளை விநாடிக்கு அறுபதுகூட அதனால் எடுத்துத் தர முடியாது. விண்டோஸ் எழுந்து நிற்கவோ ஆயிரக்கணக்கான துண்டுகள் வேண்டும்.

ஒரே ஆள் நிற்கும் மளிகைக் கடை மாதிரி. மூட்டை அரிசி ஒன்றைக் கேட்டால் உடனே தூக்கிப் போட்டுவிடுவார். கடுகு, சீரகம், பெருங்காயம் என்று நாற்பது சாமான் சொன்னால், ஒவ்வொன்றுக்கும் பின்கட்டுக்குப் போய்த் திரும்புவார். ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகப் பொருத்தும் எஸ்எஸ்டி என்ற டிரைவில் முள்ளும் இல்லை, தட்டும் இல்லை. எல்லாமே மின்னூட்டமாகச் சில்லுகளில் பதிந்திருக்கிறது. எந்தத் துண்டைக் கேட்டாலும் பத்தில் ஒரு மில்லி விநாடியில் கைக்கு வந்துவிடும். பெட்டியில் '550 எம்பி வேகம்' என்று அச்சடித்திருப்பது மூட்டை அரிசியின் கணக்கு. பழைய லேப்டாப்புக்கு உயிர் கொடுப்பது கடுகு, சீரகக் கணக்குதான். அதனால்தான் சாட்டா இரண்டாம் தலைமுறை இணைப்பு மட்டுமே உள்ள 2010-ஆம் ஆண்டு இயந்திரத்தில், அச்சடித்த வேகத்தில் பாதிதான் கிடைக்கும் என்றாலும், மாற்றம் கண்கூடாகத் தெரிகிறது.

சுழலும் டிஸ்க்கின் முன்னோடியை ஐபிஎம் 1956-இல் கொண்டுவந்தது. 24 அங்குலத் தட்டுகள் ஐம்பது. எல்லாம் சேர்ந்து ஐம்பது லட்சம் எழுத்துகளைத்தான் தாங்கின. எஸ்எஸ்டிக்கு அடிப்படையான நாண்ட் ஃபிளாஷை, தோஷிபாவில் பணியாற்றிய ஃபூஜியோ மசுவோகாவின் குழு 1987-இல் உலகுக்குக் காட்டியது. அதன் பிறகும் விலைதான் எட்டாக்கனியாக இருந்தது. 2008-இல் வந்த முதல் மேக்புக் ஏரில் 64 ஜிபி எஸ்எஸ்டி வேண்டுமென்றால் கூடுதலாக 999 டாலர் கொடுக்க வேண்டியிருந்தது. 2023 வாக்கில் 240 ஜிபி டிரைவ் நம் ஊரில் இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைத்தது. இப்போது ஏஐ தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போவதால் விலை மறுபடி ஏறுமுகம்.

வாங்கப் போகுமுன் லேப்டாப்பின் மாடல் எண்ணைக் குறித்துக்கொள்வது முக்கியம். பழைய ஹார்டு டிஸ்க் இருந்த இடத்தில் இரண்டரை அங்குல சாட்டா எஸ்எஸ்டி அப்படியே உட்காரும். சூயிங்கம் பட்டை போன்ற எம்.2 டிரைவுக்குத் தனி ஸ்லாட் வேண்டும். அதிலும் சாட்டா வகை, என்விஎம்இ வகை என்று இரண்டு உண்டு, ஒன்றின் இடத்தில் மற்றது வேலை செய்யாமல் போகலாம். இஎம்எம்சி என்று போட்ட மலிவு லேப்டாப்களில் சேமிப்பகம் போர்டிலேயே பற்ற வைக்கப்பட்டிருக்கும். அதைக் கழற்றி மாற்ற வழியில்லை. சென்னை ரிச்சி தெருவில் மாடலைச் சொன்னால் கடைக்காரரே எடுத்து நீட்டிவிடுவார். இணையத்தில் அடிமாட்டு விலைக்கு '2 டிபி எஸ்எஸ்டி' என்று வருவதை மட்டும் திரும்பியும் பார்க்க வேண்டாம். உள்ளே ஒரு மெமரி கார்டு ஒட்டியிருந்தாலும் ஆச்சரியமில்லை.

பிரிப்பது அரை மணி நேர வேலை. சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்ற வேண்டும். பேட்டரி உள்ளே இருந்தால் அதன் கனெக்டரை முதலில் எடுத்துவிட வேண்டும். அடிப்பக்க ஸ்க்ரூக்கள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. நீளமானதைக் குட்டையின் இடத்தில் முடுக்கினால் மேலே கீபோர்டுப் பக்கம் புடைத்துக்கொண்டு வரும். இட்லித் தட்டு இதற்கு அருமையான துணை: ஒரு மூலைக்கு ஒரு குழி. டிஸ்க்கைச் சுற்றியுள்ள தகரச் சட்டத்தில் நான்கு பொடி ஸ்க்ரூக்கள் இருக்கும். அந்தச் சட்டத்தைப் புதிய டிரைவுக்கு மாற்றி, கனெக்டரில் நேராகத் தள்ளினால் 'டக்'கென்று உட்காரும். பழையது பெரும்பாலும் ஒன்பதரை மில்லிமீட்டர் தடிமன், புதியது ஏழு. ஆட்டம் கொடுத்தால் பெட்டியில் வரும் பிளாஸ்டிக் சட்டத்தை ஒட்டிக்கொள்ளலாம்.

பழைய டிஸ்க்கில் உள்ளதை அப்படியே குளோன் செய்து கொண்டுவரவும் முடியும். ஆனால் பத்து வருடக் குப்பையும் கூடவே வரும். 500 ஜிபியிலிருந்து 240 ஜிபிக்குப் போகும்போது குளோன்ஜில்லா போன்ற மென்பொருள் முரண்டு பிடிக்கும்; பார்ட்டிஷனை முதலில் சுருக்க வேண்டும். ஃபோட்டோவையும் கோப்புகளையும் தனியே எடுத்துவைத்துவிட்டுப் புதிதாக நிறுவுவதே உத்தமம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11, இன்டெலில் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய சில்லுகளைப் பொதுவாக ஏற்பதில்லை. அதனால் பீரோ மேல் கிடக்கும் லேப்டாப்புக்கு லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்று பொருத்தம்.

எஸ்எஸ்டி சர்வரோக நிவாரணி இல்லை. 2 ஜிபி ரேமோடு இருபது டேப் திறந்தால் இதுவும் திணறும். ரேமைக் கூட்ட ஸ்லாட் இருந்தால் கையோடு கூட்டிவிடுவது நல்லது. எழுத எழுதத் தேயும் என்ற பயம் ஓரளவு உண்மைதான். ஆனால் சாம்சங் 870 ஈவோவின் 250 ஜிபி மாடலுக்கு 150 டிபி வரை எழுத உத்தரவாதம் உண்டு. தினமும் 20 ஜிபி எழுதினாலும் இருபது வருடம் ஓடும். உண்மையான ஆபத்து வேறிடத்தில். ஹார்டு டிஸ்க் சாகுமுன் பெரும்பாலும் 'டக் டக்'கென்று சத்தம் கொடுக்கும். எஸ்எஸ்டி நேற்றுவரை ஓடி, இன்று காலையில் காணாமல் போகும். உள்ளிருப்பதை மீட்பதும் கடினம். மின்சாரமே காட்டாமல் வருடக்கணக்கில் போட்டுவைத்தால் மின்னூட்டம் கசிந்து தகவல் அழியவும் கூடும். மறுபடி பீரோ மேல் ஏற்றுபவர்கள் கவனிக்க.

கழற்றிய ஹார்டு டிஸ்க்கை வீச வேண்டாம். டிவிடி டிரைவ் உள்ள லேப்டாப்பாக இருந்தால், அந்த டிரைவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கேடி எனப்படும் ஒரு சட்டத்தைப் போட்டு, பழைய டிஸ்க்கைப் படம் சேமிக்கும் கிடங்காக்கிவிடலாம். கேடி 9.5, 12.7 மில்லிமீட்டர் என்று இரண்டு தடிமனில் கிடைக்கும். ஸ்கேல் வைத்து அளந்த பிறகே கடைக்குப் போக வேண்டும். டிவிடி டிரைவின் முகப்பில் உள்ள பிளாஸ்டிக் மூடியை நகத்தால் நெம்பி எடுத்துக் கேடியில் மாட்ட மறந்தால், லேப்டாப்பின் பக்கவாட்டில் பல் விழுந்த மாதிரி ஒரு ஓட்டை நிற்கும்.