வால்வைத் திருகுமுன் அதன் வகையை அறிவோம்

அதிகாலையில் பால்மரம் வெட்டப் புறப்படும் குடும்பங்களுக்குக் குழாய் நீர் இன்றியமையாதது. குழாயில் கசிவு ஏற்படின் நாம் முதலில் நாடுவது நீரை அடைக்கும் வால்வையே. ஆயினும் ஜொகூரின் பழைய லயங்களில் பல காலங்களில் பொருத்தப்பட்ட பலவகை வால்வுகள் உள்ளன. இன்னதென்று அறியாது திருகி உடைத்தால், ஒரு வீட்டின் கசிவு லயம் முழுமைக்கும் நீர்த்தடையாகிவிடும். ஆகவே, அறிமுகமில்லாத வால்வை இனங்காணும் முறையைக் காண்போம்.

முதலாவது, கைப்பிடி. வட்டச் சக்கரம் பல சுற்றுகள் சுழலுமாயின் அது பெரும்பாலும் கேட் வால்வு. உள்ளே ஒரு தகடு ஏறி இறங்கி நீரைத் தடுக்கும். நீண்ட பிடி கால் சுற்றிலேயே நின்றுவிடுமாயின் அது பந்து வால்வு. பிடி குழாயோடு நேராக இருந்தால் திறப்பு. குறுக்கே இருந்தால் அடைப்பு. வயிறு புடைத்து, உடலில் அம்புக்குறி பொறித்திருப்பது ஸ்டாப் காக். பிடியே இன்றி அம்புக்குறி மட்டும் இருப்பது, நீர் பின்னோக்கித் திரும்பாது காக்கும் வால்வு. அம்பு, நீர் செல்லும் திசையைக் காட்டுவது, மாற்றிப் பொருத்தலாகாது.

இரண்டாவது, இணைப்பு. துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயில் மரை இருக்கும். கருநிறப் பொலி குழாயைப் பெரிய பிளாஸ்டிக் நட்டு இறுகப் பற்றியிருக்கும். பி.வி.சி. குழாயைப் பெரும்பாலும் பசையிட்டு ஒட்டியிருப்பர். அதனை அறுத்தே எடுக்க வேண்டும்.

மூன்றாவது, அளவு. இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். 'அரை அங்குலம்' என்பது பெயரளவே. அம்மரையின் வெளிவிட்டம் ஏறத்தாழ 21 மில்லிமீட்டர். முக்கால் அங்குலத்திற்கு 26. ஓர் அங்குலத்திற்கு 33. வால்வின் உடலில் 15, 20, 25 என்றிருந்தால், அவை முறையே இம்மூன்று அளவுகளையே குறிக்கும்.

நம் நாட்டுக் குழாய்களில் வழங்குவது பிரிட்டிஷ் மரை. அதன் கோணம் 55 பாகை. அமெரிக்க மரைக்கு 60 பாகை. அரை அங்குலத்தில் இரண்டிற்கும் அங்குலத்திற்கு 14 புரிகளே. ஆதலின் ஒன்றில் மற்றொன்று சிறிது ஏறும். பின்னர் இறுகி நின்று கசியும். ஐயமிருப்பின், நீரை அடைத்துவிட்டுப் பழைய வால்வையே கடைக்கு எடுத்துச் செல்வது நன்று.

துருவேறிய சக்கரத்தை வலிந்து திருகலாகாது, தண்டு ஒடிந்துவிடும். தண்டின் அடியில் மட்டும் கசிந்தால், அங்குள்ள சிறு நட்டைச் சற்றே இறுக்கிப் பார்க்கலாம். வால்வைக் கழற்றும்போது ஒரு ஸ்பானரால் குழாயைப் பிடித்துக்கொண்டு, மற்றொன்றால் திருகுதல் வேண்டும்.

மீட்டரையும் அதற்கு முன்னுள்ள குழாயையும் நாம் தொடலாகாது. தோட்ட வீடுகளுக்குப் போதிய குழாய் நீரை இலவசமாக வழங்குவது முதலாளியின் கடமையென 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம் விதிக்கிறது. ஆதலின் பொதுக் குழாயில் பழுது கண்டால் நிர்வாகத்திடம் உடனே எழுத்து மூலம் தெரிவிப்போம். எந்த வால்வு எவ்வீடுகளுக்குரியது என்பதை இன்றே சாயத்தால் எழுதிவைப்போம். நள்ளிரவில் குழாய் வெடித்தாலும் தேட வேண்டியிராது.