விரிசல் எங்கேயோ, காரணம் அங்கே



போன மாசம் டெக்சஸ்ல ஒரு நண்பன் வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பிட்டு முடிச்சதும் டேபிள்ல மூணு காலிப் பித்தளை உறையை வரிசையா வெச்சான். எல்லாமே ரைஃபிள் தோட்டாவோட உறைகள். ரேஞ்சுக்குப் போய் குறி பார்த்துச் சுடுறது அவனோட வீக்கெண்ட் பொழுதுபோக்கு. சுட்ட உறையைத் தூக்கிப் போடாம, கழுவி, பழைய அளவுக்குக் கொண்டுவந்து, மறுபடி நிரப்புறதுக்குப் பேர் ரீலோடிங்.

"மூணுமே விரிசல் விட்டிருக்குடா. பித்தளையே மட்டமா?"

புரோகிராம்ல எரர் வந்தா, அது எந்த வரியிலன்னுதானே முதல்ல பார்ப்போம்? இங்கேயும் அதே கதைதான். விரிசல் எந்த இடத்துல, எந்தத் திசையில ஓடுதுன்னு பார்த்தாலே பாதி பதில் கிடைச்சிடும்.

இது ஏன் முக்கியம்? .308 வின்செஸ்டர் மாதிரி ரைஃபிள்ல சுடும்போது உள்ளே அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டை எட்டலாம். அந்த நொடியில பித்தளை விரிஞ்சு அறைச் சுவரோட ஒட்டிக்கிட்டு, கொதிக்கிற வாயு பின்னாடி வராம அடைக்குது. பின்னாடி இருக்கிறது சுடுறவரோட கண்ணு.

முதல் உறை: கழுத்துல நீளவாக்குல ஒரு கீறல். இது வயசான பித்தளை. ஒவ்வொரு தடவை சுடும்போதும் கழுத்து விரியும், ரீலோட் பண்ணும்போது டை அதை மறுபடி சுருக்கும். ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைச்சுக்கிட்டே இருந்தா கெட்டியாகி ஒடியும் இல்லையா, அதேதான். இந்த உறை குப்பைக்கு. மத்த உறைகளோட கழுத்தை மட்டும் பதமா சூடாக்கி இளக்கினா ஆயுள் கூடும். அதுக்குப் பேர் அனீலிங். ஆனா அடிப்பாகத்தைச் சூடாக்கவே கூடாது. அது கெட்டியா இருந்தாதான் அழுத்தத்தைத் தாங்கும்.

ரெண்டாவது உறை: அடிப்பாகத்துக்குச் சற்று மேல, வளையல் மாதிரி சுத்தி ஒரு பளபளப்பான கோடு. மூணுல இதுதான் ஆபத்தானது. டை உறையோட தோள்பட்டையை ரொம்பப் பின்னாடி தள்ளிட்டா, அறைக்குள்ள உறை தளர்வா உட்காரும். சுடும்போது முன்பாகம் சுவரைப் பிடிச்சுக்கும், அடிப்பாகம் பின்னாடி போல்ட் வரைக்கும் இழுபடும். நடுவுல பித்தளை மெலிஞ்சுக்கிட்டே போய் ஒருநாள் ரெண்டா பிரியும். வெளியே கோடு தெரியறதுக்கு முன்னாடியே இதைக் கண்டுபிடிக்கலாம். ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியைக் கொஞ்சம் வளைச்சு, உறையோட உள்சுவர்ல மேலிருந்து கீழே தடவிப் பாருங்க. பள்ளத்துல நுனி மாட்டுச்சுன்னா அந்த உறையை இனி நிரப்பாதீங்க. அப்புறம் டையைச் சரி பண்ணணும். போல்ட் ரைஃபிளுக்குத் தோள்பட்டையை சுமார் 0.002 அங்குலம் தள்ளினாலே போதும்.

மூணாவதுதான் புதிர். நிரப்பி டப்பாவுல வெச்சிருந்திருக்கான், சுடவே இல்ல. சும்மா இருந்த இடத்துலயே கழுத்து வெடிச்சிருக்கு. பத்திரமா பிரிச்சுக் காலி பண்ணி எடுத்து வெச்சிருந்தான்.

"எதை வெச்சுக் கழுவினே?"ன்னு கேட்டேன். சிங்க் அடியில இருந்து ஒரு கிளீனர் பாட்டிலை எடுத்துக் காட்டினான். லேபிள்ல அமோனியா.

இந்தக் கேஸ் நூறு வருஷத்துக்கு முன்னாடியே நம்ம ஊர்ப் பக்கம் நடந்ததுதான். பிரிட்டிஷ் ராணுவம் இந்தியாவுல மழைக்காலத்துல தோட்டாக்களைக் குதிரை லாயங்கள்ல வெச்சிருந்தாங்க. மழை முடிஞ்சு எடுத்துப் பார்த்தா, குண்டை இறுக்கிப் பிடிச்சிருக்கிற இடத்துல விரிசல். பருவத்தோட சேர்ந்து வந்ததால 'சீசன் கிராக்கிங்'னு பேர் வெச்சாங்க. 1921-ல மூர், பெக்கின்சேல், மாலின்சன் மூணு பேரும் விளக்கம் சொன்னாங்க: குதிரை மூத்திரத்துல இருந்து வந்த அமோனியாவும், உறையைச் செய்யும்போது பித்தளைக்குள்ளேயே தங்கிப்போன இறுக்கமும் சேர்ந்து செஞ்ச வேலை. தோட்டாப் பித்தளையில 70 சதவீதம் செம்பு, 30 சதவீதம் துத்தநாகம். ஈரத்துல அமோனியா செம்பைக் கரைக்கும். ஏற்கெனவே இழுபட்டு நிக்கிற உலோகம் அந்த வழியாவே பிளந்துக்கும். இறுக்கம் மட்டும் இருந்தாலோ, அமோனியா மட்டும் இருந்தாலோ இப்படி வெடிக்காது, ரெண்டும் சேரணும். அதுக்கு மருந்தும் அனீலிங்தான். இன்னைக்கும் ராணுவத் தோட்டாக்களோட கழுத்துல நீலமும் பழுப்பும் கலந்த கறை தெரியும். அது அழுக்கு இல்ல, சூடாக்கி இறுக்கத்தை எடுத்ததோட அடையாளம்.

நண்பன் அமைதியா இருந்தான். அந்த பாட்டில்ல கழுவினது மட்டும் 200 உறை. "பாக்க நல்லாத்தானேடா இருக்கு?"ன்னான். நல்லா தெரியறதுதான் பிரச்சினை. விரிசல் தொடங்குற இடம் கண்ணுக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் யோசிச்சான். அப்புறம் இருநூறையும் வாளியில கொட்டி, மெட்டல் ரீசைக்கிளிங் பக்கம் வெச்சுட்டான். காசு போச்சேன்னு முகம் வாடிடுச்சு.

நம்மள்ல நிறைய பேர் துப்பாக்கியைத் தொட்டே இருக்க மாட்டோம். பரவாயில்ல. வீட்டுக் குழாய்ல பித்தளை ஃபிட்டிங் இருந்தா, கிளீனர் வாங்கும்போது லேபிளைப் படிங்க. பாட்டி பித்தளைப் பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்ச்சாங்களே, அதுல வேலை செய்யறது டார்டாரிக் அமிலம். ரீலோடிங் பண்றவங்க இப்போ உறை கழுவ சிட்ரிக் அமிலம் போடுறாங்க. கிட்டத்தட்ட அதே வழிதான்.

உங்க வேலையில, 'நல்லாத்தானே இருந்துச்சு'ன்னு நினைச்ச ஒண்ணு சும்மா இருக்கும்போதே உடைஞ்சிருக்கா? ரிப்ளை பண்ணுங்க, அடுத்த எபிசோட்ல பேசலாம்.