களத்துமேடு முதல் கப்பிரோடு வரை

பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களின் குடியானவர்களிடம் நாம் பேசுங்கால் விதை, எரு, பூச்சி மருந்து ஆகியவற்றைப் பற்றியே பெரும்பாலும் பேசுகிறோம். விளைந்த பொருள் களத்தை விட்டு எவ்வழியே வெளியேறுகிறது என்பதைப் பற்றிப் பேசுவோர் சிலரே. சென்ற ஐப்பசியில் பெரம்பலூருக்கு மேற்கேயுள்ள ஒரு கிராமத்துக்குச் செய்முறை காட்டும் நிமித்தம் சென்றிருந்தேன். சின்ன வெங்காய மூட்டைகள் களத்தில் அடுக்கப்பட்டிருந்தன. மழையால் கரிசல் குழைந்து, டிராக்டர் அச்சு மட்டும் புதைந்து நின்றது. கப்பிரோடு அங்கிருந்து ஒரு மைலுக்கும் குறைவே. மூன்றாம் நாள் ஆட்களைக் கூட்டித் தலைச்சுமையாகவே மூட்டைகளை ரோடு சேர்த்தார்கள். அதற்குள் அடிமூட்டைகள் அழுகிவிட்டன. “ரோட்டிலிருந்து திருச்சி மண்டிக்குப் போகிற லாரிக் கூலியைவிட, களத்திலிருந்து ரோட்டுக்கு வந்த கூலி அதிகம் ஐயா” என்றார் நிலத்துக்குரிய பெரியவர். கணக்கிட்டுப் பார்த்தேன், அவர் கூறியது மெய்யே.

பெரிய வழிகளுக்கு நமக்குக் குறைவு சொல்வதற்கில்லை. விழுப்புரத்திலிருந்து அரியலூர் வழியே திருச்சிராப்பள்ளி செல்லும் கார்டு லைன், மீட்டர் பாதையாயிருந்து அகலப் பாதையாகி, பின்னர் இரட்டைப் பாதையும் ஆயிற்று. பெரம்பலூருக்கு ரயில் இல்லையென்பது நெடுநாளைய குறை. எனினும் சென்னை - திருச்சி நெடுஞ்சாலை அவ்வூரை ஒட்டியே செல்கிறது. இவை ஒவ்வொன்றுக்கும் பணம் வரும் வழி இன்னதென்று உண்டு. களத்துப் பாதைக்கு அவ்வாறான வழி ஒன்றும் இல்லாமையே இடர்.

பாதைக்குப் பணம் எவ்வாறு சேர்ந்தது என்பதை அறிய, கொள்ளிடத்துக்குத் தென்கரையிலுள்ள தஞ்சாவூரைப் பார்த்தல் தகும். அங்கே ஜில்லா போர்டார் நிலத்தின் வருஷ மதிப்பில் ரூபாய்க்கு 3 தம்பிடி, அதாவது 64-இல் ஒரு பங்கு, ரயில் வரியாக வசூலித்தனர். அப்பணத்தைக் கொண்டு இன்று மயிலாடுதுறை எனப்படும் மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டைக்கு இட்ட இருப்புப் பாதை 1894-இல் திறக்கப்பட்டது. பின்னர் அறந்தாங்கி வரை நீண்டது. மிராசுதார்கள் தாமே வரி செலுத்தித் தம் நெல்லுக்கு வழி கண்டார்கள் என்பது நினைவில் வைக்கத் தக்கது. வரி கொடுக்கையில் முணுமுணுக்காமல் இருந்திருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

ரோடுகளின் கதை வேறு. 1929 முதல் பெட்ரோலுக்குக் காலனுக்கு 2 அணா கூடுதல் தீர்வை விதித்து ரோடு நிதி திரட்டினர். 1931-இல் சென்னை மாகாணத்தில் சுங்கச் சாவடிகளை எடுத்துவிட்டு மோட்டார் வரியை அமைத்தனர். (சாவடி நம் நெடுஞ்சாலைக்கே மறுபடியும் வந்துவிட்டதைத் திருமாந்துறையில் காண்கிறோம்.) பயிர்த்தொழில் முன்னேறிய இடங்களில் எக்கிராமமும் பெரிய ரோட்டுக்கு 5 மைலுக்கு அப்பால் இருத்தலாகாது என்று 1943-இல் நாகபுரித் திட்டம் வகுத்தது. 2000-ஆம் வருஷத்து மத்திய சாலை நிதிச் சட்டமோ, அந்நிதிக்கென டீசலின்மேல் வாங்கும் தீர்வையில் பாதியைக் கிராமச் சாலைகளுக்கு ஒதுக்கிற்று. உழவு டிராக்டருக்கு நாம் ஊற்றும் டீசலும் இதில் அடக்கம். அவ்வருஷம் டிசம்பரில் தொடங்கிய பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டம் சமவெளியில் 500 பேருக்கு மேற்பட்ட குடியிருப்புகளை இணைக்க ஏற்பட்டது. அது ஊரை ஊரோடு இணைக்குமேயன்றிக் களத்தை இணைக்காது. நிலம் வாங்கவும் அதில் பணம் கிடையாது.

அரியலூர் ஜில்லாவுக்கு மட்டும் இன்னொரு வழி விசேஷமாக உண்டு. அங்கே சுண்ணாம்புக்கல் தோண்டிச் சிமிட்டி செய்கிறார்கள். கல் ஏற்றிய லாரிகளால் ரோடுகள் நைவதை யாவரும் அறிவர். 2015-இன் சட்டத் திருத்தப்படி, சுரங்கக் குத்தகைதாரர் ராயல்டிக்கு மேல் அதில் நூற்றுக்கு 30 பங்கும், ஏலத்தில் எடுத்த குத்தகையானால் 10 பங்கும் ஜில்லாக் கனிம நிதிக்குச் செலுத்த வேண்டும். குடிநீர், வைத்தியம், கல்வி முதலியவற்றுக்கு இந்நிதியில் முதலிடம். ரோடு, பாலங்களுக்கும் ஒரு பகுதி உண்டு. சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊரார் ஆகஸ்டு 15, அக்டோபர் 2 முதலிய நாட்களில் கூடும் கிராம சபையில், இன்ன சர்வே எண் முதல் இன்ன எண் வரை என்று குறித்துத் தீர்மானம் செய்து கலெக்டருக்கு அனுப்புவது நலம். “ரோடு வேண்டும்” என்று மட்டும் எழுதும் மனுக்கள் பயன்படுவதில்லை.

அதற்கு முன் செய்ய வேண்டியது கிராம நிர்வாக அலுவலரின் பெட்டியில் இருக்கிறது. புலப்படத்தில் வண்டிப்பாதை குறித்திருக்கிறதா, அகலம் என்ன, கல்லுக்குக் கல் அவ்வளவும் தரையில் உண்டா என்று பார்த்தல் வேண்டும். மாசி, பங்குனியில் வயல் காய்ந்திருக்கும்போது அளப்பது எளிது. ஓடை குறுக்கிடும் இடத்தில் வெள்ளம் எவ்வளவு உயரம் ஏறும் என்பதை ஊர் முதியோரைக் கேட்டே பாலத்தின் கண்ணைத் தீர்மானிக்கவேண்டும். 1956 நவம்பர் 23-இல் அரியலூருக்கு அருகே மருதையாற்று வெள்ளம் ரயில் பாலத்தை அரித்துத் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து 140 பேருக்கு மேல் மாண்டதையும், மந்திரி லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகியதையும் இங்கே சொல்லித் தெரியவேண்டியதில்லை. நம் ஓடைகள் பத்து மாதம் மணலாகக் கிடந்து ஒரே இரவில் ஆறாகிவிடுபவை.

முன் சொன்ன வெங்காயக் களத்தின் புலப்படத்தையும் பார்த்தோம். பாதை முழு அகலத்தில் குறிக்கப்பட்டிருந்தது. தரையில் பாதிகூட இல்லை. இருபுறத்து வேலிகளும் உள்ளே வந்துவிட்டிருந்தன. பெரியவரின் வேலியும் இரண்டு முழம் உள்ளே இருந்தது. அவர் அதைத் தைமாதத்தில் பிடுங்கித் தம் எல்லையில் நட்டுவிட்டார். எதிர்ப்புறத்தார் இன்னும் நடவில்லை.