பணியும் குருப்பட்டமும்: தமிழ்ப் புரோட்டஸ்டண்டுத் திருச்சபை மரபில் பெண்களின் தலைமைத்துவம்

முன்னுரை

கிறித்துவத் திருச்சபையில் பெண்கள் தலைமை ஏற்கலாமா என்னும் வினா பெரும்பாலும் இறையியல் வினாவாகவே எழுப்பப்படுகின்றது. வரலாற்றை நோக்குமிடத்து அவ்வினா வேறு வடிவம் கொள்கின்றது. சபையைப் பேணுதல், ஆலயம் எழுப்புதல், வீடுதோறும் சென்று மறையைக் கற்பித்தல் ஆகிய பணிகளைப் பெண்கள் தொடக்கம் முதலே ஆற்றி வந்துள்ளனர். அப்பணிக்கு உரிய குருப்பட்டமே நெடுங்காலம் அவர்களுக்குக் கிட்டாதிருந்தது. இவ்விடைவெளியைத் திருநெல்வேலி, சிங்கப்பூர் ஆகிய இரு தமிழ்க் களங்களின் வழி விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குருப்பட்டத்தின் இன்றியமையாமை

குருப்பட்டம் என்பது வெறும் மதிப்புப் பெயரன்று. திருவிருந்து வழிபாட்டை நடத்தும் உரிமையும், ஒரு சபையின் ஆயராகப் பொறுப்பேற்கும் தகுதியும், குருமார் அவையில் அமர்ந்து முடிவெடுக்கும் இடமும் அதன்வழியே கிடைக்கின்றன. ஆகவே, பட்டம் மறுக்கப்பட்டவர் எத்துணைப் பணி ஆற்றினும், அப்பணியின் போக்கைத் தீர்மானிக்கும் அவையில் இடம்பெற இயலாது.

பாளையங்கோட்டைக் கிளாரிந்தா

திருநெல்வேலித் திருச்சபையின் வரலாறு ஒரு பெண்ணிலிருந்து தொடங்குகின்றது. மராட்டியப் பிராமணக் குலத்தில் பிறந்து கைம்மை எய்திய கிளாரிந்தா, ஆங்கிலேயப் படை அலுவலர் ஒருவரின் ஆதரவில் வாழ்ந்து வந்தார். முறைப்படி மணம் நிகழாத வாழ்வு என்பதால், அவ்வலுவலர் உயிரோடிருந்த காலத்தில் அவருக்குத் திருமுழுக்கு அளிக்க ஜெர்மானிய மறைப்பணியாளர் சுவார்ட்ஸ் உடன்படவில்லை. அலுவலரின் மறைவுக்குப்பின், 1778ஆம் ஆண்டில் பாளையங்கோட்டையில் கிளாரிந்தா திருமுழுக்குப் பெற்றார்.

1780ஆம் ஆண்டில் எழுதப்பட்ட பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் 40 பேர் இடம்பெற்றுள்ளனர். அவர்களுள் முதலாவதாகக் காணப்படும் பெயர் கிளாரிந்தாவுடையதே. 1785ஆம் ஆண்டில் அவருடைய முயற்சியால் எழுந்த ஆலயத்தை மக்கள் ‘பாப்பாத்தி அம்மாள் கோயில்’ என்றே வழங்கினர். அச்சபைக்கு உபதேசியாராக அனுப்பப்பட்ட சத்தியநாதன் பின்னர் 1790ஆம் ஆண்டில் குருப்பட்டம் பெற்றார். சபையைப் பேணி வளர்த்த கிளாரிந்தாவுக்கு அப்பட்டம் குறித்த பேச்சே எழவில்லை. அக்காலத்தில் அது எண்ணிப் பார்க்கவும் இயலாததாக இருந்தது. ஆயினும், அவரது நினைவு அழிந்துவிடவில்லை. அ. மாதவையா அவரைத் தலைவியாகக் கொண்டு 1915ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் நாவல் ஒன்றை வெளியிட்டார்.

வேதாகமப் பெண் ஊழியர்கள்

19ஆம் நூற்றாண்டில் பெண்களின் பணி ஓர் அமைப்பாக உருப்பெற்றது. உயர்சாதி இல்லங்களின் பெண்கள் அயல் ஆடவர் முன் வாராத வழக்கம் அன்று பரவலாக இருந்தது. ஆண் உபதேசியார் நுழைய இயலாத அவ்வில்லங்களுக்குள் பெண்களால் மட்டுமே செல்ல முடிந்தது. இத்தேவையின் காரணமாகவே ‘பைபிள் உமன்’ என வழங்கப்பட்ட வேதாகமப் பெண் ஊழியர்கள் நியமிக்கப்பட்டனர். இவர்களுள் கைம்பெண்கள் பலர். எழுத்தறிவித்தல், மறைநூல் வாசித்துப் பொருள் கூறல், நோயுற்றோரைக் காணல் ஆகியன இவர்தம் அன்றாடப் பணிகளாக இருந்தன. பெண்ணை வீட்டிற்குள் நிறுத்திய அதே சமூக வழக்கமே, மற்றொரு பெண்ணைத் தெருவில் நடந்து சென்று போதிக்கும் ஊழியராக்கியது என்பது இங்குக் கருதத்தக்கது.

சிங்கப்பூரில் ஒரு தமிழ்ப் பெண் பள்ளி

இதே போக்கினைக் கடல் கடந்த தமிழரிடையேயும் காண்கின்றோம். ஆஸ்திரேலியாவில் பிறந்த சோபியா பிளாக்மோர் 1887ஆம் ஆண்டில் சிங்கப்பூர் வந்தடைந்தார். அவரை அனுப்பியது 1869ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தோன்றிய மெதடிஸ்டுப் பெண்கள் அயல்நாட்டு மறைப்பணிச் சங்கமாகும். அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில், தமிழ் வணிகர்களின் ஆதரவோடு, ஷார்ட் தெருவில் ஒன்பது தமிழ்ச் சிறுமியருடன் அவர் தொடங்கிய பள்ளியே இன்றைய மெதடிஸ்டுப் பெண்கள் பள்ளியின் தொடக்கமாகும்.

பிளாக்மோர் சார்ந்திருந்த திருச்சபையின் பொதுப்பேரவையோ, அவர் வருகைக்கு ஏழாண்டுகள் முன்னர், 1880ஆம் ஆண்டில், பெண்களுக்குக் குருப்பட்டம் வழங்குவதை மறுத்ததோடு போதிப்பதற்கான உரிமச்சீட்டையும் நிறுத்தியிருந்தது. பள்ளி நிறுவவும், பெண்களைப் பயிற்றவும், நிதி திரட்டவும் தடையில்லை. திருவிருந்து மேசைக்குப் பின் நிற்பதற்கே தடை இருந்தது. அமெரிக்க மெதடிஸ்டுத் திருச்சபை பெண்களுக்கு முழுக் குருத்துவ உரிமை வழங்கிய ஆண்டு 1956. ஷார்ட் தெருப் பள்ளி தொடங்கி அப்போது 69 ஆண்டுகள் கடந்திருந்தன.

மறைநூலும் மொழிபெயர்ப்பும்

தடைக்குச் சான்றாகக் கொரிந்தியர்க்கு எழுதிய முதல் நிருபத்தின் 14ஆம் அதிகாரமும், தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தின் 2ஆம் அதிகாரமும் காட்டப்படுவது வழக்கம். ஆயினும், அதே கொரிந்தியர் நிருபத்தின் 11ஆம் அதிகாரம் சபையில் பெண்கள் செபிப்பதையும் தீர்க்கதரிசனம் உரைப்பதையும் இயல்பான செயலாகக் கொண்டே பேசுகின்றது.

மொழிபெயர்ப்பும் இங்கு நோக்கத்தக்கது. ரோமர் நிருபத்தின் 16ஆம் அதிகாரத்தில் கெங்கிரேயாச் சபையைச் சேர்ந்த பெபேயாளைப் பவுல் ‘தியாகோனோஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லால் சுட்டுகின்றார். புரோட்டஸ்டண்டுச் சபைகளில் நெடுங்காலமாக வழங்கிவரும் தமிழ் வேதாகமம் அதனை ‘ஊழியக்காரி’ எனப் பெயர்க்கின்றது. பிலிப்பியர் நிருபத்தின் தொடக்கத்தில் சபைப் பதவியாளரைக் குறிக்க வரும் அதே சொல்லோ ‘உதவிக்காரர்’ ஆகின்றது. ‘ஊழியக்காரர்’ என்பது பவுலுக்கும் வழங்கும் சொல்லாதலின், இப்பெயர்ப்பு பிழையெனக் கூறவியலாது. எனினும், இரண்டிடத்தும் ஒரே சொல் நிற்பதைத் தமிழ் வாசகர் அறிய வாய்ப்பில்லை. பெபேயாள் வகித்திருக்கக்கூடிய பதவி, பணி என்னும் பொதுச்சொல்லுள் மறைந்துவிடுகின்றது. கிளாரிந்தாவுக்கும் பெண் ஊழியர்களுக்கும் வாழ்வில் நேர்ந்ததே பெபேயாளுக்கு மொழியில் நேர்ந்தது எனலாம்.

மாற்றத்தின் தொடக்கம்

ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு முதலிய சபைகள் இணைந்து 1947ஆம் ஆண்டில் தென்னிந்தியத் திருச்சபை தோன்றியது. கிளாரிந்தா வேரூன்றச் செய்த திருநெல்வேலிச் சபையும் அதனுள் அடங்கும். அத்திருச்சபையில் 1976ஆம் ஆண்டில் எலிசபெத் பால் குருப்பட்டம் பெற்ற முதற்பெண்ணானார். 1780ஆம் ஆண்டின் பதிவேட்டிற்கும் இந்நிகழ்விற்கும் இடையே 196 ஆண்டுகள் உள்ளன. 2013ஆம் ஆண்டு செப்டம்பரில், ஆந்திரப் பகுதியின் நந்தியால் பேராயத்திற்கு எ. புஷ்ப லலிதா பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். தென்னிந்தியத் திருச்சபையின் முதல் பெண் பேராயர் அவரே.

முடிவுரை

சட்டம் மாறியபின்னும் வழக்கு உடனே மாறிவிடுவதில்லை என்பதற்குத் தமிழ் மொழியே சான்று பகர்கின்றது. திருநெல்வேலி வட்டாரத்தில் ஆயரை ‘ஐயர்’ என்றும், அவர்தம் துணைவியாரை ‘ஐயரம்மா’ என்றும் அழைப்பது மரபு. ஆயரின் இல்லத்தரசிக்கு மதிப்பான பெயர் இருந்தது. ஆயராகவே விளங்கும் பெண்ணுக்கு அம்மரபில் தனிப்பெயர் இல்லை. அவரை ‘ஐயரம்மா’ என அழைப்பின், அவர் வேறொருவரின் துணைவியாகவே கருதப்படக்கூடும்.

பெண்கள் தலைமை ஏற்பது தமிழ்த் திருச்சபைக்குப் புதிதன்று. அத்தலைமையை அதற்குரிய பெயரால் அழைப்பதே புதிதாகும். 1780ஆம் ஆண்டின் பதிவேட்டில் முதலிடம் பெற்ற பெயரை நினைவில் கொள்வோர்க்கு, பெண்களின் குருத்துவம் அயலிலிருந்து வந்த புதுமையாகத் தோன்றாது; நெடுநாள் கழித்துத் தீர்க்கப்படும் கடனாகவே தோன்றும்.