அந்தமானில் படம் பிடிக்க ஒரு நேரக் கணக்கு

அந்தமான் போய் வந்தவர்களின் ஆல்பங்களில் பெரும்பாலும் ஒரே மாதிரிப் படங்கள்தான் இருக்கும். செல்லுலார் சிறை வாசல், படகு, நடுப்பகல் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கும் குடும்பம். கடலில் மறையும் சூரியனும், நட்சத்திரம் நிறைந்த வானமும் விட்டுப்போயிருக்கும். குறை கேமராவில் இல்லை, நேரக் கணக்கில். ரயில்வேயில் டைம்டேபிளோடு வாழ்ந்தவன் என்பதால் அந்தக் கணக்கையே முதலில் சொல்கிறேன்.

இந்திய நேரம் 82½ டிகிரி தீர்க்கரேகையை வைத்து நிர்ணயிக்கப்பட்டது. அந்தமான் இருப்பதோ 92½ டிகிரியை ஒட்டி. டிகிரிக்கு 4 நிமிஷம் என்றால், சூரியன் அங்கே 40 நிமிஷம் முந்திக்கொள்கிறது. ஜனவரி நடுவில் மும்பையில் ஆறேகாலுக்கு மேல் மறையும் சூரியன், அந்தமானில் ஐந்தேகாலுக்கே மறைந்துவிடும். ஐந்து மணிக்கு டீ குடித்துவிட்டுக் கிளம்பினால் இருட்டைத்தான் பார்க்கலாம்.

எங்கே போவது?

போர்ட் பிளேருக்கு (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) அருகே அஸ்தமனத்துக்குச் சிடியா டாப்பு நல்ல இடம். ஹேவ்லாக் தீவில் (2018 முதல் ஸ்வராஜ் த்வீப்) ராதாநகர் கடற்கரை மேற்குப் பார்த்தது; அங்கே நாலு மணிக்கே இருங்கள். சூரியன் மறைந்ததும் எழுந்துவிடாதீர்கள். அடுத்த கால் மணியில்தான் வானம் நிறம் மாறும். அதே தீவின் கிழக்குக் கரையில் காலாபத்தர் இருக்கிறது. சூரியோதயம் அங்கே.

நீல் தீவில் (இன்று ஷஹீத் த்வீப்) லட்சுமண்பூர் பக்கம் கடல் அரித்த பாறை வளைவு ஒன்று உண்டு. நீர் வற்றும் நேரத்தில்தான் அதன் அடிவரை போக முடியும். அந்த நேரம் தினமும் சுமார் 50 நிமிஷம் தள்ளிப்போகும். உள்ளூரில் கேட்டுக்கொள்வது நல்லது. தமிழ் பேசுவோர் அந்தமானில் நிறைய இருப்பதால் மொழிக் கஷ்டம் அவ்வளவாக இருக்காது.

இரவு வானம்

இதற்கு நம் வீட்டுத் தினசரிக் காலண்டரே போதும். அமாவாசையை ஒட்டிப் பயணத்தை வையுங்கள். நிலவு இருந்தால் பால்வீதி எடுபடாது. பிப்ரவரி, மார்ச்சில் விடியற்காலை நாலு மணி வாக்கில், தனுசு, விருச்சிக ராசிகளை ஒட்டிய அதன் பிரகாசமான பகுதி தென்கிழக்கில் கடலுக்கு மேல் நிற்கும். காலாபத்தர் பக்கம் நின்றால் அதையும், பின்னாலேயே சூரியோதயத்தையும் எடுத்துவிடலாம்.

ஏப்ரல் கடைசியில் இரவு ஒன்பது மணிக்குத் தெற்கே பாருங்கள். டில்லியில் அடிவானத்தை விட்டு எழவே தயங்கும் தெற்குச் சிலுவை, இங்கே கையை நீட்டிப் பிடித்தால் ஒரு சாண் உயரத்தில் தெரியும்.

கேமராவை முக்காலியில் பொருத்தி, ஃபிளாஷை அணைத்து, ஒரு பிரகாசமான நட்சத்திரத்தை வைத்துக் கையாலேயே ஃபோகஸ் செய்யுங்கள். அபெர்ச்சர் முழுக்கத் திறந்திருக்கட்டும். ஐ.எஸ்.ஓ. 1600 முதல் 3200 வரை. பூமி மணிக்கு 15 டிகிரி சுழல்வதால், அதிக நேரம் திறந்துவைத்தால் நட்சத்திரங்கள் கோடாக இழுபடும். 500ஐ லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் எத்தனை விநாடி தாங்கும் என்று தெரியும். 24 மி.மீ. லென்ஸுக்கு 20 விநாடி. இது 35 மி.மீ. ஃபிலிம் அளவுள்ள கேமராவுக்கான கணக்கு. இரவுப் படம் எடுக்கும் வசதியுள்ள செல்போனையும் அசையாமல் நிறுத்தினால் ஓரளவு விழும்.

கவனிக்க வேண்டியவை

இருட்டில் தண்ணீர் ஓரமாகவோ, ஓடை முகத்திலோ நிற்க வேண்டாம். 2010ல் ராதாநகர் அருகே முதலை தாக்கி ஒரு சுற்றுலாப் பயணி இறந்தார். இருட்டிய பின் கடற்கரையில் இருக்கலாமா என்று விடுதியில் கேட்டுவிட்டுப் போங்கள்.

பாராடாங் போகும் சாலை ஜாரவா மக்களின் காப்புப் பகுதி வழியே செல்கிறது. அங்கே அவர்களைப் படம் பிடிப்பது சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் செய்யக்கூடாத காரியம் அது. கேமராவைப் பைக்குள் வைத்துவிடுங்கள்.

நகரத்தில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் பலர் பால்வீதியைப் பார்த்ததே இல்லை. ஊரில் முற்றத்தில் கயிற்றுக் கட்டில் போட்டுப் படுத்தபோது நமக்குச் செலவில்லாமல் கிடைத்தது அது. தீவுகளிலும் விடுதிகள் பெருகப் பெருக விளக்குகளும் கூடும். ஆகவே நாலு மணிக்குத் தூக்கம் கலைகிறதே என்று பார்க்காமல் குழந்தைகளை எழுப்பிக் கூட்டிப் போங்கள். படம் விழாவிட்டாலும் அவர்கள் பார்த்தது பார்த்ததுதான்.