பரதநாட்டிய முதல் மேடைக்கான உடை: குறைந்த செலவில் அமைக்கும் முறை

பரதநாட்டியம் பயிலும் மாணவர் மேடையேறும்போது அணியும் உடை, அணிகலன், சலங்கை, ஒப்பனை ஆகியவற்றை நாட்டிய நூல்கள் ஆகாரிய அபிநயம் என்று வகைப்படுத்துகின்றன. ஆங்கிகம், வாசிகம், ஆகாரியம், சாத்துவிகம் என்னும் நால்வகை அபிநயங்களுள் இது ஒன்று. கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் முதல் மேடை என்பது சலங்கைப் பூசையாகவோ, பள்ளிக் கலை விழாவாகவோ, கோயில் திருவிழாவாகவோ, மகாசிவராத்திரியை ஒட்டிய நாட்டியாஞ்சலியில் குழு நடனமாகவோ அமையலாம். பல ஆண்டுகள் பாடம் கேட்டு அடவுகளில் தேறிய குழந்தைகூட உடைச் செலவை நினைத்து மேடையிலிருந்து விலகி நிற்பது உண்டு. உடையில் எது இன்றியமையாதது, எதை இரவல் பெறலாம், எதை வாடகைக்கு எடுக்கலாம், எது இல்லாமலே ஆடலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

உடை மாறி வந்த வரலாறு

இன்று 'மரபு உடை' என்று கருதப்படும் விசிறி மடிப்பு வைத்துத் தைத்த ஆடை நூறாண்டுகளுக்கும் குறைவான வயதுடையது. ஆடலரங்குக்கு அணிகலன் பூணும் வழக்கமோ மிகப் பழமையானது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை மாதவியின் முதல் அரங்கேற்றத்தைக் கூறுகிறது. கடலாடு காதை அவள் அடி முதல் முடி வரை பூண்ட அணிகளை வரிசைப்படுத்துகிறது.

சிதம்பரம் நடராசர் கோயிலின் கோபுர வாயில்களில் 108 கரணச் சிற்பங்கள் செதுக்கப்பட்டுள்ளன. அச்சிற்பங்களில் ஆடை காலோடு ஒட்டியும், இடையில் அணியும் கச்சும் தெளிவாகத் தெரியும்படியும் காட்டப்பட்டுள்ளது. தைத்த விசிறி அவற்றில் இல்லை.

1838-ஆம் ஆண்டில், கடலூருக்கு அருகிலுள்ள திருவந்திபுரத்துக் கோயிலைச் சேர்ந்த ஆடல் மகளிர் ஐவர், இசைக் கலைஞர் மூவருடன் பாரிஸ், இலண்டன் நகரங்களுக்குச் சென்று ஆடினர். அவர்களுள் ஒருவரான அம்மணியின் உருவத்தைப் பிரெஞ்சுச் சிற்பி ழான் ஒகுஸ்த் பார் சிறிய வெண்கலச் சிலையாக வடித்தார். அக்காலச் சதிர் ஆடல் மகளிர் கால்சட்டையின்மேல் சேலையைச் சுற்றிக் கட்டி ஆடும் வழக்கம் உடையவர்கள்.

ருக்மிணி தேவி அருண்டேல் 1935-இல் அடையாறு பிரம்மஞான சபையில் முதன்முதலாக மேடையேறினார். அடுத்த ஆண்டில் கலாக்ஷேத்ராவை நிறுவினார். கோயில் சிற்பங்களைப் பார்த்து அவர் வடிவமைத்த தைத்த உடைகளே பிற்காலத்தில் பரவலாயின. அதே காலத்தில் தஞ்சாவூர் மரபில் வந்த பாலசரசுவதி சேலை கட்டும் முறையையே தொடர்ந்தார். இருவரும் ஒரே கலையின் பெரும் ஆசான்கள். ஆகவே, குறிப்பிட்ட விலையுள்ள பட்டு உடுத்தினால்தான் அது பரதநாட்டியம் என்று கொள்ள வரலாற்றில் இடமில்லை.

உடை செய்ய வேண்டிய வேலை

நாட்டிய உடைக்கு மூன்று வேலைகள் உண்டு.

1. உடலின் கோட்டைக் காட்டுதல்: அரைமண்டியில் முழங்கால்கள் பக்கவாட்டில் விரியும்போது முன்விசிறியும் விரிய வேண்டும். இடுப்பும் முழங்காலும் எந்த நிலையில் உள்ளன என்பது கடைசி வரிசையில் அமர்ந்தவருக்கும் தெரிய வேண்டும்.
2. முகத்தையும் கையையும் எடுத்துக்காட்டுதல்: தலை அணிகளும் கண் மையும் முத்திரை காட்டும் விரல்களின் செம்பூச்சும் இதற்காகவே.
3. அவிழாமல் இருத்தல்: உடை எவ்வளவு அழகாக இருந்தாலும், ஆட்டத்தின் நடுவே நாடா அவிழ்ந்தால் குழந்தையின் கவனம் தாளத்தை விட்டுப் போய்விடும்.

இம்மூன்றும் தையலையும் பொருத்தத்தையும் சார்ந்தவை. துணியின் விலையால் மட்டும் இவை அமைவதில்லை.

உடையின் பகுதிகளும் வகைகளும்

தைத்த உடையில் பொதுவாக ஐந்து பகுதிகள் உள்ளன: ரவிக்கை, மேலாக்கு, கால்சட்டை, முன்விசிறி, பின்புறத்தை மறைக்கும் இடைத்துணி. கால்சட்டை வகை, பாவாடை வகை, சேலை வகை எனத் தையல் மூவகைப்படும்.

முதல் மேடைக்குக் கால்சட்டை வகையே ஏற்றது. அரைமண்டியும் முழுமண்டியும் தடையின்றி அமையும். அடவுகளின் தெளிவும் நன்கு தெரியும். பாவாடை வகை அபிநயப் பாடல்களுக்குப் பொருந்தும். ஆனால் கால் சரியாக விரியாத குறையை அது மறைத்துவிடுவதால், தொடக்க நிலை மாணவருக்கு ஆசிரியர்கள் சிலர் அதைப் பரிந்துரைப்பதில்லை.

ஆண் மாணவர்களுக்குப் பஞ்சகச்சமாகக் கட்டிய வேட்டி அல்லது அதே தோற்றத்தில் தைத்த ஆடை, இடைக்கச்சு, கழுத்தணி, சலங்கை ஆகியவை போதும். சரிகைக் கரை உள்ள பழைய வேட்டியும் அங்கவஸ்திரமும் வீட்டில் இருந்தால் துணிச் செலவே இராது.

துணியைத் தேர்ந்தெடுத்தல்

புதிய பட்டுச் சேலை வாங்கி உடனே வெட்டுவதுதான் உடைச் செலவில் மிகப் பெரிய பகுதி. அதைத் தவிர்க்க மூன்று வழிகள் உள்ளன.

வீட்டிலுள்ள பழைய பட்டுச் சேலை: சுமார் ஐந்தரை மீட்டர் நீளமுள்ள ஒரு சேலை சிறுமியர் உடைக்குத் தாராளமாகப் போதும். முந்தானைப் பகுதியை விசிறிக்கும் மேலாக்குக்கும், கரையைக் கால்சட்டையின் ஓரத்துக்கும் இடைத்துணிக்கும் பயன்படுத்த வேண்டும். பழைய பட்டு பெரும்பாலும் மடிப்புக் கோட்டில்தான் இற்றுப் போயிருக்கும். சேலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து, மடிப்பில் மெல்ல இழுத்துச் சோதித்த பிறகே வெட்ட வேண்டும். நலிந்த பகுதி விசிறியில் வரலாம். இழுவிசை மிகுந்த கால்சட்டையிலும் ரவிக்கையிலும் வரக்கூடாது. உள்ளே பருத்தித் துணி கொடுத்துத் தைத்தால் வியர்வை பட்டைத் தாக்காது.

செயற்கைப் பட்டும் பருத்திப் பட்டும்: மேடை வெளிச்சத்தில் பார்வையாளர் காண்பது நிறத்தையும் கரையையும்தான், நூலின் தரம் தொலைவில் தெரியாது. அகன்ற சரிகைக் கரையுள்ள செயற்கைப் பட்டுச் சேலை குழு நடனத்துக்கு நன்றாக எடுக்கும். காற்றோட்டம் குறைவு என்பதே இதன் குறை. மாசி மாத இரவில் நடக்கும் நாட்டியாஞ்சலியில் அது பெரிதாகத் தெரியாது. சித்திரை வெயிலில் பகல் நேர விழா என்றால் பருத்திப் பட்டே நல்லது.

தைத்த உடையை இரவல் பெறுதல்: மூத்த மாணவியர் வளர்ந்துவிட்டதால் அணிய முடியாமல் வைத்திருக்கும் உடைகள் பல வீடுகளில் இருக்கும். இடுப்பு நாடாவும் ரவிக்கையின் பக்கத் தையலும் மாற்றினாலே பெரும்பாலானவை பொருந்திவிடும்.

நிறத்தைப் பொறுத்தவரை அரக்கு, மயில்நீலம், கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள் போன்ற அழுத்தமான நிறங்களும் அவற்றுக்கு மாறான நிறக் கரையும் மேடையில் தெளிவாகத் தெரியும். வெளிர் நிறங்கள் விளக்கொளியில் கரைந்துவிடும். குழு நடனத்தில் எல்லாருக்கும் ஒரே சேலை வாங்கத் தேவையில்லை. அவரவர் வீட்டுச் சேலையில் உடை தைத்து, மேலாக்கும் விசிறியும் மட்டும் ஒரே துணியில் அமைத்தால் ஒருமை கிடைத்துவிடும்.

அளவும் தையலும்

செலவைக் குறைக்கக் கூடாத இடம் தையல். நாட்டிய உடை தைத்துப் பழகிய தையற்காரரிடம் கொடுப்பதே நல்லது. அளவை மாணவர் நின்ற நிலையில் மட்டும் எடுக்காமல் அரைமண்டியிலும் எடுக்க வேண்டும். நின்றபடி எடுத்த அளவில் தைத்த கால்சட்டை, உட்காரும்போது தொடையில் பிடிக்கும். கால்சட்டையின் ஓரம் சலங்கை கட்டும் இடத்துக்குச் சற்று மேலே முடிய வேண்டும். இல்லையேல் துணி மணிகளில் சிக்கும்.

வளரும் பருவத்தினருக்கு ரவிக்கையிலும் கால்சட்டையிலும் இரண்டு அங்குலத் துணியை உள்ளே மடித்துத் தைக்கச் சொல்ல வேண்டும். பின்னர் பிரித்துவிட்டால் அதே உடையை மேலும் சில மேடைகளுக்கு அணியலாம். ஒவ்வொரு பகுதிக்கும் கொக்கியுடன் நாடாவும் இருந்தால் ஒன்று விட்டாலும் மற்றொன்று தாங்கும்.

சலங்கை

உடையில் சொந்தமாக வாங்கத்தக்க முதற்பொருள் சலங்கை. சலங்கைப் பூசையில் இறைவன் திருமுன் வைத்து ஆசிரியர் கையால் பெறுவது என்பதால், பலரும் இதை இரவல் கொடுப்பதில்லை. வெண்கல மணிகளை நீல நூலில் கோத்துக் கட்டுவதை அபிநய தர்ப்பணம் குறிப்பிடுகிறது. இன்று தோல் பட்டையிலோ தடித்த துணிப் பட்டையிலோ மணிகளைத் தைத்துக் கட்டுகின்றனர்.

தொடக்க நிலைக்கு வரிசை குறைந்த சிறிய சலங்கையே போதும். எடை மிகுந்தால் கால் விரைவில் சோர்ந்து தட்டடவின் ஒலி மங்கும். வாங்கும்போது ஒவ்வொரு மணியையும் தனியாக அசைத்து ஒலியைக் கேட்க வேண்டும். கழன்று விழுந்த மணி மேடையில் வெறுங்காலில் குத்தும் என்பதால், நிகழ்ச்சிக்கு முந்தைய நாள் தளர்ந்த மணிகளை உறுதியான நூலால் மீண்டும் தைத்துவிட வேண்டும்.

அணிகலன்கள்

நெற்றிச்சுட்டி, சூரியப்பிறை, சந்திரப்பிறை, ராக்கொடி, சடை, குஞ்சலம், மாட்டல், சிமிக்கி, மூக்குத்தி, புல்லாக்கு, அட்டிகை, மாங்காய் மாலை, வங்கி, வளையல், ஒட்டியாணம் ஆகியவை முழுத் தொகுதி. நாகர்கோவிலை அடுத்த வடசேரி, செந்நிறக் கெம்புக் கல் பதித்த கோயில் நகைகளுக்குப் பெயர் பெற்ற ஊர். கைவேலையால் அமைந்த அந்நகைகள் விலை கூடியவை. அதே வடிவில் வார்த்து முலாம் பூசிய நகைகளும் கடைகளில் கிடைக்கின்றன.

முதல் மேடைக்கு நகையை வாடகைக்கு எடுப்பதே சிக்கனம். நாட்டிய, நாடக உடை வாடகைக் கடைகளில் முழுத் தொகுதியாகவே தருவர். பெறும்போதே கல் உதிர்ந்துள்ளதா, கொக்கி உடைந்துள்ளதா என்று கடைக்காரர் முன்னிலையில் பார்த்துக் குறித்துக்கொண்டால், திருப்பித் தரும்போது முன்பணத்தில் பிடித்தம் வராது. பணம் குறைவாக இருந்தால் நெற்றிச்சுட்டி, பிறைகள், சிமிக்கியும் மாட்டலும், ஒரு கழுத்தணி, ஒட்டியாணம், வளையல் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம். முகத்தையும் இடையையும் எடுத்துக்காட்டுபவை இவையே. வங்கி, இரண்டாம் மாலை, புல்லாக்கு ஆகியவை இல்லாததால் ஆட்டத்துக்குக் குறைவு வராது. பொன் நகைகளை மேடைக்கு அணிவிப்பதைத் தவிர்க்க வேண்டும். கூட்டத்தில் காணாமல் போனால் இழப்பு பெரிது.

ஒப்பனையும் கூந்தலும்

ஒப்பனைக் கலைஞரை ஒருவருக்காக அழைப்பதைவிடக் குழுவாக அழைத்துச் செலவைப் பகிர்வது நல்லது. குழந்தைகளுக்கு முகப்பூச்சு, கண் மை, புருவ மை, உதட்டுச் சாயம், நெற்றிப் பொட்டு, கை கால்களுக்கு அல்தா ஆகியவை போதும். எந்தப் பூச்சையும் முந்தைய நாளே கையில் சிறிது தடவி, தோல் சிவக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒப்பனைப் பொருள்களை ஒரே தூரிகையால் பலருக்கும், குறிப்பாகக் கண்ணில், பயன்படுத்தக் கூடாது. நிகழ்ச்சி முடிந்தபின் தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்தால் பூச்சு எளிதில் நீங்கும்.

சவுரியும் சடைநாகமும் இரவல் பெறத்தக்கவை. மல்லிகையும் கனகாம்பரமும் விழா நாளில் விலை ஏறும். துணியால் செய்த பூச்சரம் ஒருமுறை வாங்கினால் பல மேடைகளுக்கு வரும், வாடுவதுமில்லை.

செலவைப் பிரிக்கும் ஒழுங்கு

1. சொந்தமாக வாங்க வேண்டியவை: சலங்கை, ஊக்கு, கொண்டை ஊசி, உள்ளாடை, கண் மை.
2. தைக்க வேண்டியது: வீட்டுச் சேலையிலிருந்து ஒரு கால்சட்டை வகை உடை.
3. வாடகைக்கு எடுக்க வேண்டியவை: தலை அணி முதல் ஒட்டியாணம் வரையிலான நகைத் தொகுதி.
4. இரவல் பெறத்தக்கவை: சவுரி, சடைநாகம், துணிப் பூச்சரம்.
5. தள்ளிவைக்கத்தக்கவை: இரண்டாவது உடை, கைவேலைக் கெம்பு நகை.

மேடைக்கு முன்

முழு உடை, நகை, சலங்கையுடன் குறைந்தது இரண்டு முறையாவது முழு உருப்படியையும் ஆடிப் பார்க்க வேண்டும். குதித்தல், முழுமண்டி, சுழலுதல் ஆகிய மூன்றிலும் எது நழுவுகிறது என்று கண்டு அங்கே தையல் போட வேண்டும். ஊக்குகளை வெளியே தெரியாதவாறும் உடலைக் குத்தாதவாறும் துணியின் உட்புறம் குத்த வேண்டும்.

நாட்டியாஞ்சலி 1981 முதல் சிதம்பரத்தில் நடந்து வருகிறது. அண்மைக் காலத்தில் கோயிலுக்குள்ளும் நகரில் அமைக்கும் மேடையிலும் ஆடுகின்றனர். பல குழுக்கள் ஆடும் இத்தகைய விழாக்களில், உடையணிந்தபின் நெடுநேரம் காத்திருக்க நேரலாம். ஒட்டியாணத்தையும் சலங்கையையும் முறை வருவதற்குச் சற்று முன்பு பூட்டினால் போதும். குழந்தை கழிப்பறைக்குச் செல்ல எளிதாக உடையை அவிழ்த்துக் கட்டத் தெரிந்த ஒருவர் உடன் இருக்க வேண்டும். ஊசி, நூல், ஊக்கு, கூடுதல் நாடா, குடிநீர் ஆகியவை ஒரு பையில் இருப்பது நல்லது.

பராமரிப்பும் பொது உடைப்பெட்டியும்

ஆடி முடித்த பட்டு உடையை வியர்வையோடு மடித்து வைத்தால் சரிகை கறுக்கும். நிழலில் காற்றாட உலர்த்திப் பருத்தித் துணியில் சுற்றி வைக்க வேண்டும். முலாம் நகைகளைப் பஞ்சால் துடைத்துத் தனித்தனி உறைகளில் இட வேண்டும். நறுமண நீர் தெளித்த பிறகு நகை அணிந்தால் முலாம் மங்கும்.

கடலூரில் மாவட்ட அரசு இசைப்பள்ளியும், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் நுண்கலைப் படிப்பும் உள்ளன. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான கலைத் திருவிழா 2022-23 கல்வியாண்டிலிருந்து நடக்கிறது. கட்டணம் கொடுத்துப் பயில முடியாத குழந்தைகளும் மேடைக்கு வருவதற்கு இத்தகைய வாய்ப்புகள் வழி செய்கின்றன. பள்ளியோ நடனக் குழுவோ ஒரு பொது உடைப்பெட்டி வைத்து, சிறியதாகிப் போன உடைகளை அளவு எழுதிச் சேர்த்து, பெற்றவர் பெயரை ஏட்டில் குறித்து, ஆண்டுதோறும் மாற்றிக் கொடுத்து வந்தால், புதிதாக வரும் குழந்தைக்குச் சலங்கைச் செலவு மட்டுமே மிஞ்சும்.