அந்நிய தேசத்தில் ஓர் ஆசிரியத் தம்பதி

பிழைப்புத் தேடிச் சொந்த ஊரைவிட்டு மும்பைக்கும் பெங்களூருக்கும் டில்லிக்கும் வந்தது நம் பெற்றோரின் தலைமுறை. இன்று அவர்களுடைய பிள்ளைகளில், பட்டமும் பி.எட்.டும் முடித்த சிலர், மணமான கையோடு கடல் கடந்தும் செல்கின்றனர். அவ்வாறு செல்லும் இடங்களில் ஒன்று தாய்லாந்து. அங்கே ஆங்கிலத்தையும், ஆங்கில வழியில் கணிதம், அறிவியலையும் கற்பிக்க அயல்நாட்டு ஆசிரியர்களைப் பள்ளிகள் அமர்த்துகின்றன. பயணச்சீட்டு வாங்கும் முன் அங்குள்ள அன்றாட வாழ்வைச் சற்று அறிந்துகொள்வது நலம்.

முதலாவது, ஆவணங்கள்

சுற்றுலா விசாவில் சென்று பாடம் நடத்துவது அங்கே குற்றம். பணிக்குரிய விசா, வேலை அனுமதி, ஆசிரியர் உரிமம் அல்லது அதற்கீடான தற்காலிக அனுமதி ஆகியவை வேண்டும். உரிமம் வழங்கும் அமைப்பின் பெயர் ‘குருசபா’. நம் செவிக்கு அது அந்நியமான சொல் அன்று! தொடர்ந்து தங்குவோர் 90 நாட்களுக்கு ஒருமுறை தம் முகவரியைக் குடிவரவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். படிவங்களில் புத்த சகாப்த ஆண்டே வழங்குகிறது. நம்முடைய 2025 அவர்களுக்கு 2568.

தம்பதியர் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒருவர் வேலைக்கும் மற்றவர் அவரைச் சார்ந்தவராகவும் சென்றால், வேலை போகும் நாளில் இருவருடைய தங்கும் உரிமையும் ஆட்டம் காணும். ஆகவே இருவரும் தனித்தனி ஒப்பந்தத்துடன் செல்வதே பாதுகாப்பு. கல்வியாண்டு மே நடுவில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. அக்டோபரில் ஓர் இடைவிடுமுறை உண்டு. விடுமுறை மாதங்களுக்குச் சம்பளம் தராத ஒப்பந்தங்களும் இருப்பதால், கையெழுத்திடும் முன்பே இதைக் கேட்டறியுங்கள். மேலைநாட்டவருக்கும் நமக்கும் ஒரே வேலைக்கு வேறு வேறு சம்பளம் தரும் பள்ளிகளும் உள்ளன.

பள்ளியில்

காலை எட்டு மணிக்குத் தேசியகீதம் ஒலிக்க, மாணவரும் ஆசிரியரும் அசையாது நிற்பர். எதிர்ப்படும் மாணவர்கள் கைகூப்பி வணங்குவர். ஆசிரியரை அவர்கள் ‘க்ரூ’ என்று அழைக்கின்றனர், நம் ‘குரு’வேதான்.

கல்வியாண்டின் தொடக்கத்தில், பெரும்பாலும் ஒரு வியாழக்கிழமையன்று, ஆசிரியரைக் கனம்பண்ணும் விழா நடைபெறும். அருகம்புல், இட்லிப்பூ, கத்தரிப்பூ ஆகியவற்றால் அலங்கரித்த தட்டுகளுடன் மாணவர் முழந்தாளிட்டு வருவர். தலைகவிழ்ந்து பூக்கும் கத்தரிப்பூ பணிவுக்கு அடையாளம். பல பள்ளிகளில் இவ்விழாவோடு பௌத்த வழிபாடும் சேர்ந்தே நடக்கும். மாணவர் செலுத்தும் மரியாதையைப் பெற்றுக்கொள்வது வேறு, வழிபாட்டில் பங்குகொள்வது வேறு. மனச்சாட்சிக்கு ஒவ்வாததை விழா மேடையில் காட்டாமல், முன்கூட்டியே தலைமையாசிரியரிடம் பணிவாகச் சொல்லிவிடுவதே தக்கது.

பிள்ளைகளின் தலையில் கைவைத்து ஆசீர்வதிப்பது நம் வழக்கம். அங்கே பிறர் தலையைத் தொடுவது அவமதிப்பாகக் கருதப்படும். காலை நீட்டி ஒருவரைச் சுட்டுவதும் அப்படியே. வகுப்பில் குரலை உயர்த்திக் கடிந்துகொள்ளும் ஆசிரியர் தம் மதிப்பையே இழக்கிறார்.

வீட்டில்

வாடகை அறைகள் பலவற்றில் சமையலறை இல்லை. மாலைச் சந்தையில் உணவைப் பொட்டலமாக வாங்கிச் செல்வது அவ்வூர் வழக்கம். ஏறக்குறைய எல்லாவற்றிலும் மீன்சாறு சேர்ந்திருக்கும். மின்சார அடுப்பில் சோறு பொங்கி ரசம் வைக்கத் துவரம்பருப்பும் மசாலாவும் வேண்டுமானால், பாங்காக்கில் இந்தியக் கடைகள் நிறைந்த பாஹுரட் பகுதிக்குச் செல்லலாம். தொலைதூரச் சிற்றூரில் இருப்போர் மாதம் ஒருமுறை மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

ஆயினும் பெரிய சோதனை உணவிலன்று, உறவில்தான். ஒரே வேலை, ஒரே அறை, பேச ஒரே முகம். மனம் கசந்தால் ஆறுதலுக்கு ஓடிப்போகத் தாய்வீடு அருகில் இல்லை; சமாதானம் சொல்ல ஓர் அண்ணியோ சித்தப்பாவோ இல்லை. பள்ளியில் பட்ட அவமானத்தைக் கணவன் மனைவிமீதும், மனைவி கணவன்மீதும் இறக்கி வைப்பது எளிது. எனவே, இரவு உணவு வேளையில் பள்ளிப் பேச்சு இல்லை என்று முடிவு செய்யுங்கள். இரு சம்பளத்துக்கும் ஒரே கணக்குப் புத்தகம் வையுங்கள். இரு வீட்டுப் பெற்றோருக்கும் எவ்வளவு அனுப்புவது என்பதைப் புறப்படும் முன்பே இருவரும் கூடிப் பேசுங்கள். மகப்பேறு வந்தால் விடுப்பு உண்டா, குழந்தையை யார் பார்ப்பது என்பதையும் அப்போதே பேசிக்கொள்ளுங்கள். தாய் மொழியை இருவருமே கற்றுக்கொள்ளுங்கள். ஒருவர் மட்டும் கற்றால் மற்றவர் வீட்டுக்குள் சிறைப்படுவார்.

ஞாயிற்றுக்கிழமை

அந்நாட்டு மக்களில் கிறிஸ்தவர் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவரே. ஆனாலும் ஆராதிக்கத் தடையில்லை. 1852-ல் பிரஸ்பிட்டேரியன் மிஷனரிகள் தொடங்கிய பாங்காக் கிறிஸ்தவக் கல்லூரி இன்றும் பள்ளியாக நடைபெற்று வருகிறது. பாங்காக்கில் ஆங்கில ஆராதனைகள் உண்டு. சிற்றூர்களிலோ தாய் மொழிச் சபை மட்டுமே இருக்கலாம், அதுவும் இல்லாமற்போகலாம். அப்படிப்பட்ட ஊரில் கணவனும் மனைவியும் முழங்காற்படியிடும் அந்த அறையே சபை.

ரோமாபுரியை விட்டுக் கொரிந்துவுக்கு வந்த ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் கூடாரத் தொழிலை இருவருமாகச் செய்தார்கள். அப்பொல்லோவுக்கு இருவருமாகவே போதித்தார்கள். ஊர் மாறிய போதும் வேதத்தில் அவர்கள் பெயர்கள் பிரிக்கப்படவில்லை. புறப்படும் நம் பிள்ளைகளும் சம்பளத்தைக் கணக்கிடும் முன், அந்த ஒருமனம் தங்களுக்குள் உண்டா என்று பார்த்துக்கொள்வார்களாக.